கோளாறு வைக்கிறவள்

என் மனைவி கெடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். மற்றவர்கள் எல்லோரும் எதையாவது சரி செய்துதான் பிழைக்கிறோம். நானே மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன். மங்கலாகத் தெரிவதைத் தெளிவாக்குவது என் பிழைப்பு. இவள் நேர்மாறு. நன்றாக ஓடுகிற ஒன்றை எடுத்து, எங்கே கை வைத்தால் நொண்டும் என்று யோசித்து, அங்கே கை வைப்பாள். அதுவும் யார் கண்ணிலும் சட்டென்று படாதபடி.

டயர் கடை மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஒருவர் நெட்வொர்க் பயிற்சி மையம் நடத்துகிறார். முதல் அறையில் பாடம், இரண்டாவது அறையில் செய்முறை. அந்த இரண்டாவது அறை இவளுடைய ராஜ்யம். படிக்க வருகிறவர்கள் கணினி முன்னால் உட்கார்ந்தால் ஒரு கம்பெனியின் மொத்த வலையமைப்பும் திரையில் விரியும். அதில் எங்கேயோ ஒரு கோளாறு ஒளிந்திருக்கும். கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். ஒளித்து வைத்தவள் பின்வரிசையில் முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோளாறு மேடம் என்று அவளுக்குப் பெயர். கோபித்துக்கொள்வாளா என்று பார்த்தேன். பட்டம் வாங்கியவள் மாதிரி பூரித்துப்போனாள்.

அவர்கள் படிப்பதற்கு எஸ்டி-வேன் என்று பெயர். முதலில் கேட்டபோது ஏதோ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஒன்று புரியவில்லை என்றால் மண்டை குடையும், விட மாட்டேன். அதனால் அவளும் விளக்கிச் சொன்னாள். ஒரு மருந்துக்கடைக்காரருக்கு ஊர் ஊராகக் கிளைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைக்குக் கிளை இரண்டு மூன்று இணைய லைன்கள்: விலை கூடிய நல்ல லைன் ஒன்று, வீட்டுக்கு வருவது போல சாதா லைன் ஒன்று, சிம் போட்டது ஒன்று. எந்த வேலை எந்த லைனில் போக வேண்டும் என்பதை முன்பெல்லாம் ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். இப்போது நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு எல்லா லைன்களின் நாடியையும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். இந்த லைன் திணறுகிறதா, போன் பேச்சை அதற்கு மாற்று, பில்லை இதிலேயே விடு என்று உடனுக்குடன் முடிவு செய்யும்.

சரி, இதை எங்கே பழகுவது? நிஜ மருந்துக்கடையில் கை வைத்துப் பழகினால் வரிசையில் நிற்கிற நோயாளிகள் சும்மா விடுவார்களா? அதற்குத்தான் அந்தச் செய்முறை அறை. நான் முதல் தடவை அங்கே போனபோது, அறை நிறையப் பெட்டிகளும் கம்பிகளும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மூலையில் ஒரே ஒரு பெரிய கணினி, மின்விசிறி கழன்றுவிடுவது போல இரைந்துகொண்டிருந்தது.

"கிளையெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"உள்ளதான் இருக்கு. நாப்பது ரவுட்டர்."

"கம்பி?"

"கம்பியும் உள்ளதான். எல்லாம் கணக்குங்க. இல்லாத ரவுட்டர், இல்லாத கம்பி. ஆனா நிஜ ரவுட்டர்ல ஓடுற அதே மென்பொருள்தான் உள்ள ஓடுது. தாம பொட்டிக்குள்ள இருக்கோம்னு அதுக்குத் தெரியாது."

பாவம் என்று தோன்றியது. கூடவே இன்னொரு விஷயத்தையும் காட்டினாள். லைனைக் கெடுப்பதற்கென்றே ஒரு கருவி. ஒரு லைனைத் தொட்டு, இவ்வளவு தாமதமாக வா, போகிற தகவல் துண்டுகளில் நூற்றுக்கு இத்தனையை வழியில் தொலைத்துவிடு என்று சொன்னால் அது அப்படியே செய்யும். ஊரெல்லாம் நெட் வேகமாக வரவில்லை என்று அடித்துக்கொள்கிறது, இங்கே ஒருத்தி மெனக்கெட்டு மெதுவாக்கிக்கொண்டிருக்கிறாள் என்றேன். "சுத்தமான லைன்ல பழகினவன் வெளிய போய் முதல் நாளே முழிப்பான்" என்றாள்.

கோளாறுகளை அவள் மனம்போன போக்கில் இட்டுக்கட்டுவதில்லை. வெளியே தேடிப் பிடிப்பாள். ஒருநாள் மதியம் பெட்ரோல் போட நின்றோம். கார்டு தேய்க்கிற மிஷினின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இந்த நேரத்துக்கு தினமும் இதே ரோதனைதான்" என்று பங்க்காரர் சலித்துக்கொண்டார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன, இவள் இறங்கிப் போய், "தினமும்னா ஞாயித்துக்கிழமையுமா?" என்று விசாரிக்கிறாள். அவர் யோசித்து, ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் நன்றாக வேலை செய்கிறது என்றார். இவள் திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தாள். பள்ளிக்கூடம். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோர் கூட்டம் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொருவர் கையிலும் போன்.

"மிஷின் சிம் போட்ட லைன்ல ஓடுதுங்க. இவங்க அத்தனை பேரும் அதே டவரை உறிஞ்சிட்டு நிக்கறாங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றுவிட்டாள். கூட்டம் சேரச்சேர லைன் எப்படித் தேய்கிறது, கூட்டம் கலையும்போது எப்படி மீள்கிறது என்று போனை வைத்து அளந்திருக்கிறாள். காவலாளி வந்து, "எந்த கிளாஸ் பிள்ளைம்மா?" என்று கேட்டிருக்கிறார். "எனக்கு பிள்ளை இல்ல, சும்மா நிக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் அப்படிச் சொல்கிறவர்களை யார் நிற்க விடுவார்கள்? துரத்திவிட்டார். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

பிள்ளையைப் பற்றிய கேள்வி எங்களுக்குப் புதிதில்லை. இரண்டு டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. எடுக்கச் சொன்ன டெஸ்ட் எல்லாம் அவளுக்கும் எடுத்தாகிவிட்டது, எனக்கும் எடுத்தாகிவிட்டது. இரண்டாவது டாக்டர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "ரெண்டு பேருக்கும் எல்லாமே நார்மல். ஏன்னு காரணம் சொல்ல முடியல" என்றார். நார்மல் என்று சொன்ன அதே வாயால் ஊசியும் எழுதிக்கொடுத்தார். இரண்டு சுற்று போட்டோம். போட்டோம் என்ன போட்டோம், அவள் போட்டுக்கொண்டாள். வயிறு உப்பி, தலை சுற்றி, கரண்டி கீழே விழுந்தாலே அழுகிற நிலைக்கு வந்தாள். எதுவும் நடக்கவில்லை. "போதும்ங்க" என்றாள்.

ஆனால் என் அக்கா விடுவதாக இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நல்லவள்தான், எங்களுக்காக உருகுகிறவள்தான். அவளுடைய தொல்லையே அந்த உருக்கம்தான். "யார்கிட்ட குறைன்னே தெரியாம எப்படிடா விட முடியும்?" என்று எங்கெங்கோ விசாரித்து, வெளியூரில் மூன்றாவதாக ஒரு டாக்டரைப் பிடித்து வியாழக்கிழமைக்கு நேரமும் வாங்கிவிட்டாள். மறுபடி ஊசி, மறுபடி முதலிலிருந்து.

"நான் வரலங்க" என்றாள் இவள்.

"ஒரு தடவை போய் என்னதான் சொல்றாருன்னு கேட்டுட்டு வந்துடலாமே" என்றேன் நான். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. காரணம் இல்லாமல் ஒன்று எப்படி நடக்காமல் இருக்கும்? அவள் பாத்திரத்தை எடுத்து வைக்கப் போய்விட்டாள். போவோமா, மாட்டோமா என்று புதன்கிழமைவரை வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. அன்றைக்கு நான் என் மனைவியிடம் வேலை பார்ப்பேன். வேலை என்றால், கத்துவது. கோளாறைக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது, எதிரில் ஒரு ஆள் போனில் கொதித்துக்கொண்டிருக்கும்போது கண்டுபிடிக்கப் பழக வேண்டும் என்பது அவள் கட்சி. அதற்கு ஒரு கோபக்கார ஆள் தேவைப்பட்டது. வெளியே தேடுவானேன் என்று என்னைப் பிடித்துப் போட்டாள். மாடிப்படித் திருப்பத்தில், டயர் கடைக்காரர் அடுக்கி வைத்த பழைய டயர்களின் மேல் உட்கார்ந்துகொண்டு, மருந்துக்கடைக் கிளை மேனேஜராக நான் போனில் கத்துவேன். உள்ளே ஒவ்வொருவராக எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே, அந்த வலையமைப்பின் தனித்தனி நகலில் தேடுவார்கள். இந்த வேலையில் எனக்கு இயற்கையான திறமை இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்தப் புதன்கிழமை ஒரு நிஜ மருந்துக்கடைக் கம்பெனியிலிருந்தே ஆறு பேர் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். மைய உரிமையாளர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"இன்னிக்கு 'நெட் மெதுவா இருக்கு'ன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் இவள். "எவ்வளவு கேட்டாலும் அதுக்கு மேல தெரியாதுன்னுடுங்க. லேசுல விட்டுக்குடுக்காதீங்க."

"என்ன கோளாறு வச்சிருக்க?"

"சொல்ல மாட்டேன். தெரிஞ்சா உங்க குரல் மாறிடும்."

முதல் ஆளிடம் ஆரம்பித்தேன். "நெட் ஆமை மாதிரி நகருது, என்னய்யா புடுங்கறீங்க?" பையன் மிரண்டுபோனான். லைன் எவ்வளவு தாமதம்வரை பொறுக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்களாம். அவன் அதை மளமளவென்று இறுக்கிவிட்டான். லைன் மூச்சு விட்டாலே குற்றம் என்று ஆகிவிட்டது. உள்ளே இருந்த மென்பொருள் போன் பேச்சை இந்த லைனுக்கும் அந்த லைனுக்கும் பந்தாட ஆரம்பித்து, பேச்சே துண்டு துண்டானது. இரண்டாவது ஆள் நல்ல லைனை நிறுத்திவிட்டு சாதா லைனில் எல்லாவற்றையும் ஏற்றினார். மூன்றாவது ஆள் நடுவில் இருக்கிற மென்பொருளையே அணைத்துப் போட்டார். நான்காவது ஆள் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நேரத்தில் புது மென்பொருள் ஏற்றப்போய், பாதிக் கிளைகள் எழுந்திருக்கவே இல்லை. ஐந்தாவது பெண், ரவுட்டரைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். ஒவ்வொருவர் முடிந்ததும் என் மனைவி வெளியே வந்து நடந்ததைச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். நானும் தொண்டை கட்டுகிறவரை கத்தினேன்.

ஆறாவது ஆளுக்குச் சளி. பேசுவதைவிடத் தும்முவது அதிகமாக இருந்தது. தும்மல்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"எது மெதுவா இருக்கு சார்? பில் போடறதா, போன் பேசறதா?"

"எல்லாந்தான்!"

"நேத்து எப்படி இருந்துச்சு?"

"நேத்தும் இப்படித்தான்."

ஒரு தும்மல். "அதுக்கு முன்னாடி?"

இந்தக் கேள்வி என் பாடத்தில் இல்லை. "ரொம்ப நாளாவே இப்படித்தான்யா! எத்தனை பேர் வந்து பாத்துட்டாங்க தெரியுமா?" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

இருங்கள் சார் என்றார். வெகுநேரம் தும்மலும் விசைப்பலகைச் சத்தமும் மட்டும் கேட்டன. ஒவ்வொரு லைனாக, ஒவ்வொரு கிளையாக அளந்து பார்க்கிறார் என்று புரிந்தது. பிறகு சொன்னார்: "சார், எல்லாத்தையும் பாத்துட்டேன். உங்க லைன்ல ஒரு கோளாறும் இல்ல. நான் எதையும் மாத்தப் போறதில்ல."

எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"பொய்னு சொல்லல சார். உங்களுக்கு மெதுவாத்தான் இருக்கு, நம்பறேன். லைனும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் உண்மையா இருக்கலாம். அதுக்காக நல்லா இருக்கறதைப் பிரிச்சுப் போட்டா உங்களுக்குத்தான் இன்னும் கஷ்டம்." மறுபடி தும்மல். "நீங்க போனை வைக்க வேணாம். நான் லைன்லயே இருக்கேன்."

கோபக்கார மேனேஜராக இத்தனை புதன்கிழமை இருந்ததில் நான் வாயடைத்துப்போனது அன்றுதான். போனைக் காதில் வைத்தபடி டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். அந்த முகம் தெரியாத மனிதர் தும்மிக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தார்.

எல்லோரும் போன பிறகு உள்ளே போனேன். உரிமையாளர் மட்டும், காசு கட்டி வந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லாததைக் கொடுத்துவிட்டாயே என்று புலம்பிக்கொண்டிருந்தார். அவர் கிளம்பும்வரை காத்திருந்து கேட்டேன்.

"ஒண்ணுமே வைக்கலையா?"

"வைக்கல. காலையில எல்லாமே நல்லா ஓடிட்டு இருந்துச்சு. கெடுத்தது பூரா அவங்கதான்."

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அதுக்கு என்னை எதுக்கு நாள் பூரா கத்த வச்ச?"

"கத்தினாத்தானே ஊதுவாங்க?"

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒருமுறை இப்படிக் கோளாறே இல்லாத பயிற்சியைக் கொடுப்பாளாம். இருப்பதிலேயே கடினமானது இதுதானாம். என் கடையிலும் இந்தக் கதை உண்டு. கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் சிலர் நகர மாட்டார்கள். பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டால் நிம்மதியாகப் போவார்கள். எனக்கு மண்டை குடைய ஆரம்பித்தது.

"எப்ப இருந்து இதைப் பண்ற?"

அவள் மேஜையைத் துடைத்தாள். "அந்த ரெண்டாவது டாக்டர் எல்லாம் நார்மல்னு சொன்னாரே, அந்த வாரத்துல இருந்து" என்றாள். "ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச பிறகும் நாம ஏன் சும்மா இருக்க மாட்டேங்கறோம்னு தோணிட்டே இருந்துச்சு. நாம மட்டும்தான் அப்படியா, எல்லாருமே அப்படித்தானான்னு பாக்கலாம்னு வச்சேன்."

"எத்தனை பேர் தொடாம விட்டாங்க?"

"இவரோட சேர்த்தா மூணு பேர்."

பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். காலையிலிருந்து அந்த ஐந்து பேர் தங்கள் நகல்களில் நாசம் செய்த அத்தனை கிளைகளும் திரையில் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. எதுவும் நடக்காதது போல, காலையில் இருந்த மாதிரியே. அவள் புறங்கையில் ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தில் சின்ன வடு இன்னும் இருந்தது. இவளை நான் எதற்கு இன்னொரு தடவை அங்கே இழுத்துக்கொண்டு போகிறேன்? காரணம் தெரிந்துகொள்ளத்தானே? அது அவள் உடம்பைப் பிரித்துப் பார்க்கிற அளவுக்குப் பெரிய விஷயமா? இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா கூப்பிட்டுவிட்டாள். அவள் போனில் பேசினால் அடுத்த அறைக்கும் கேட்கும்.

"டேய், காலையில வெள்ளனவே கிளம்பிடுங்க. பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் மறக்காம எடுத்துக்க."

"நாங்க வரலக்கா."

"ஏன்? அவ மாட்டேன்னுட்டாளா?"

"அவ இல்ல. நான்தான் வேணாம்னு சொல்றேன்."

அக்காவின் குரல் இறங்கியது. "அப்படின்னா... குறை உன்கிட்டயாடா?"

என் மனைவி கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தையில் இந்தக் கேள்வி அவள் பக்கம் வராமலே முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. எத்தனை விசேஷ வீடுகளில் எத்தனை பேர் அவளைக் கேட்டார்கள், எல்லாம் முடிந்துவிடும்.

"ஆமாக்கா. என்கிட்டதான்னு வச்சுக்கயேன்" என்றேன்.

என் மனைவி இரண்டே எட்டில் வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணி, அவர் சும்மா சொல்றாரு, நம்பாதீங்க" என்றாள். "எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு குறையும் இல்ல அண்ணி. எங்களுக்கு குழந்தை இல்ல. அவ்வளவுதான்."

குடும்பத்தில் யாரிடமும் அந்த வாக்கியத்தை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. அக்கா அழுதுகொண்டிருந்தாள். இவள் போனை வைக்காமல், "இருக்கேன் அண்ணி, அழுங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.